வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களைக் கற்பனைப் போட்டியில் ஒப்பிடுவது எப்படி

ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப்பிரிவு) சாம்பியன்களான ஜோ லூயிஸும் முகமது அலியும் மோதினால் யார் வெல்வார் என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் இரண்டே பேர் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் பலர் இருக்கிறார்கள். 1936 ஜூனில் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்த லூயிஸ் ஒருவர். 1938 ஜூனில் அதே ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் முடித்துவைத்த லூயிஸ் வேறொருவர். 1947 டிசம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் இரண்டு முறை விழுந்து எழுந்து, தீர்ப்பளித்த மூவரில் ஒருவர் மாறுபட, பிளவுபட்ட தீர்ப்பில் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டவர் மூன்றாமவர். அலியும் அப்படித்தான். 1966இல் கால் தரையில் பாவாமல் சுழன்று ஆடியவருக்கும், 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஜார்ஜ் ஃபோர்மனைக் களைக்க வைத்தவருக்கும் பொதுவாக இருப்பது பெயரும் மன உறுதியும்தான். சண்டை முறை முற்றிலும் வேறு.

எனவே ஒப்பிடத் தொடங்கும் முன் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். ‘உச்சத்தில் இருந்த அலி’ என்பது போதாது. ‘1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் வென்ற அலி’ என்று சொன்னால்தான் அவருடைய எடை, வயது, கால் வேகம், அதுவரை பெற்றிருந்த அனுபவம் ஆகிய எல்லாம் ஒரே மனிதருக்குப் பொருந்தும். அப்படிச் செய்யாவிட்டால் 1966ஆம் ஆண்டின் கால்களையும் 1974ஆம் ஆண்டின் தந்திரத்தையும் 1975இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியருக்கு எதிராகக் காட்டிய தாங்குதிறனையும் ஒட்டவைத்து, ஒருநாளும் மேடையேறாத ஓர் அலியை உருவாக்கிவிடுவோம். ரசிகர்களின் விவாதங்களில் பெரும்பாலும் வெல்வது இந்த ஒட்டுப்போட்ட வீரர்தான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒருவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த இரவை எடுத்துக்கொண்டு, மற்றவருடைய வழக்கமான ஓர் இரவோடு மோதவிடுவது நியாயமாகாது. மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் வீழ்த்திய 1988 ஜூன் மாத மைக் டைசனைத் தேர்ந்தெடுத்தால், எதிரே நிற்பவருக்கும் அதற்கு நிகரான இரவைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் நடந்த ஓரிரு போட்டிகளைச் சேர்த்துப் பார்த்து, அந்த ஆட்டம் அவருடைய இயல்பான தரமா அல்லது எதிராளியின் பலவீனத்தால் பளிச்சிட்டதா என்று கணிப்பது இன்னும் நல்லது.

யாருடைய விதிகளில் மோதுகிறார்கள்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் அவசரப்படுகின்றன. என் கணிப்பில் முடிவைத் திருப்பிப்போடும் வலிமை அதிகம் உள்ள பகுதியும் இதுவே. மேடை எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்ததில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்த போட்டி 45 சுற்றுகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. முடிவு 26ஆம் சுற்றில் வந்தது. பின்னர்ப் பல பத்தாண்டுகள் பட்டப் போட்டிக்கு 15 சுற்று என்பதே வழக்கமாக இருந்தது. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ, தலையில் ஏற்பட்ட காயத்தால் இறந்துபோனதை அடுத்து, உலகக் குத்துச்சண்டை மன்றம் சுற்றுகளை 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் 1980களின் இறுதிக்குள் அதையே பின்பற்றின.

மூன்று சுற்றுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1941இல் பில்லி கான் லூயிஸுக்கு எதிராகப் பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது தீர்ப்பளிப்பவர்களின் இரண்டு மதிப்பெண் அட்டைகளில் முன்னிலையில் இருந்தார், மூன்றாவது அட்டையில் சமநிலை. பதின்மூன்றாம் சுற்றில் நாக் அவுட் ஆனார். 1952இல் ராக்கி மார்சியானோ வால்காட்டை வீழ்த்தியதும் பதின்மூன்றாம் சுற்றில்தான், அப்போது அவர் மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்தார். 1981இல் சுகர் ரே லெனார்ட், தாமஸ் ஹேர்ன்ஸிடம் மூன்று அட்டைகளிலும் பின்தங்கிய நிலையில் பதினான்காம் சுற்றில் போட்டியை முடித்தார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் கான் ஹெவிவெயிட் சாம்பியன். மார்சியானோவின் 49 போட்டித் தோல்வியற்ற கணக்கில் ஒரு கறை. லெனார்ட்–ஹேர்ன்ஸ் கதை தலைகீழ். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: பன்னிரண்டு சுற்றுதான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ முன்பே வேகம் கூட்டியிருப்பார், கான் கடைசி நிமிடங்களில் ஒதுங்கியே நின்றிருப்பார். விதி மாறினால் முடிவு மட்டுமல்லாமல் திட்டமும் மாறும். ஆகவே ஒரு வீரரை வேறு காலத்து விதிக்குள் கொண்டுபோகும்போது, அதற்கேற்பப் பயிற்சி செய்துகொள்ள அவருக்கு அவகாசம் கொடுத்தோமா இல்லையா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீழ்ந்தவர் எழும்போது என்ன நடக்கும் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் ஜாக் டெம்ப்சி முதல் சுற்றிலேயே வில்லார்டை ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவர் முட்டியைத் தரையிலிருந்து எடுத்ததும் அவருக்கு மிக அருகில் நின்றிருந்த டெம்ப்சி மீண்டும் தாக்கினார். அன்று அது தவறாகக் கருதப்படவில்லை. எட்டாண்டு கழித்து 1927இல் ஜீன் டன்னியை ஏழாம் சுற்றில் வீழ்த்திய அதே டெம்ப்சி, விதிப்படி நடுநிலை மூலைக்குப் போகத் தாமதித்ததால் நடுவரின் எண்ணிக்கை பிந்தித் தொடங்கியது. டன்னி எழுந்து புள்ளிகளில் வென்றார். டெம்ப்சியை டைசனோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால், எந்த ஆண்டின் நடுவர் உள்ளே நிற்கிறார் என்பது டெம்ப்சியின் இடது ஹூக்கை (பக்கவாட்டிலிருந்து வளைத்து அடிக்கும் குத்தை) விட முக்கியமாகிவிடக்கூடும்.

கையுறையையும் எடை பார்க்கும் நேரத்தையும் மறக்கக் கூடாது. முன்னாளில் ஐந்து, ஆறு அவுன்ஸ் கையுறைகள் புழங்கின. இப்போது வெல்டர்வெயிட் (147 பவுண்ட் பிரிவு) வரை எட்டு அவுன்ஸ், அதற்கு மேல் பத்து அவுன்ஸ் என்பது பொதுவான வழக்கம். பெரிய கையுறை முகத்தை மறைக்கத் தடுப்புக்கு உதவுகிறது. சிறியது கைகளுக்கிடையே எளிதில் நுழைகிறது. எடை விஷயம் இதைவிடக் குழப்பமானது. சுகர் ரே ராபின்சன் காலத்தில் போட்டியன்றே எடை பார்த்தார்கள். 147 பவுண்ட் வெல்டர்வெயிட் என்றால் மேடையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால், உடலின் நீரை வற்றவைத்து 147 காட்டிய ஒருவர் மறுநாள் பத்துப் பவுண்டுக்கும் மேல் கூடி மேடையேற முடியும். எனவே ராபின்சனையும் ஃபிளாய்ட் மேவெதரையும் 147இல் நிறுத்துவதாகச் சொல்லும்போது, எந்த நாளின் 147 என்று கேட்பது குதர்க்கம் அல்ல. மேவெதர் பெரும்பாலும் அந்த எடைக்காக உடலை வற்றவைக்காதவர் என்பதால் அந்த ஜோடிக்கு இது பெரிய சிக்கலாகாது. வேறு பல ஜோடிகளுக்கு ஆகும்.

வெற்றித் தோல்விக் கணக்கை வாசிக்கும் முறை

மேவெதரின் கணக்கு 50 வெற்றி, தோல்வி இல்லை. ராபின்சன் இருநூறு போட்டிகள் அளவுக்கு ஆடி, பத்தொன்பது முறை தோற்றவர். இந்த எண்களை அருகருகே வைத்து முன்னவரே சிறந்தவர் என்று முடிவு கட்டுவது, எண்கள் பிறந்த சூழலைக் கணக்கில் கொள்ளாத வாசிப்பு. 1943 பிப்ரவரி 5 அன்று ராபின்சன் தம்மைவிட எடை கூடிய ஜேக் லமோட்டாவிடம் தோற்றார்; அதே மாதம் 26ஆம் தேதி லமோட்டாவை மறுபடி சந்தித்து வென்றார்; இடைப்பட்ட நாட்களில் இன்னொருவரோடும் மோதி வென்றிருந்தார். அதன்பின் 1951 ஜூலையில் ராண்டி டர்பினிடம் தோற்கும்வரை எட்டாண்டுக்கும் மேல் அவர் தோற்கவே இல்லை. தோல்விகளில் பெரும்பாலானவை நாற்பதை நெருங்கியும் தாண்டியும் ஆடிய கடைசி ஆண்டுகளில் சேர்ந்தவை. இன்றைய சாம்பியன் ஆண்டுக்கு ஒன்றிரண்டு போட்டிகளுக்கு மாதக்கணக்கில் தயாராகிறார். எதிராளியின் எல்லா ஆட்டங்களும் அவருக்குக் காணொளியாகக் கிடைக்கின்றன. அடிக்கடி மேடையேறிய பழையவர்களுக்குச் சூழலுக்கேற்ப மாறும் திறன் அதிகம், ஆனால் பழைய காயங்களும் அதிகம். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

யாரோடு மோதவில்லை என்பதையும் கணக்கில் எழுதுங்கள். நிறவெறி நிலவிய காலத்தில் ஜாக் டெம்ப்சி பட்டம் வைத்திருந்தபோது ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரருக்கு ஒருமுறைகூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. சாம் லாங்ஃபோர்ட் போன்ற ஒருவர் உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கே வராமல் போனதும் அந்த அநீதியால்தான். ஒரு சாம்பியனின் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைப் பார்ப்பவர்கள், அதில் விடுபட்ட பெயர்களையும் பார்த்தாக வேண்டும்.

சங்கிலிக் கணக்கு செல்லாது

‘அ’ ‘ஆ’வை வென்றார், ‘ஆ’ ‘இ’யை வென்றார், ஆகவே ‘அ’ ‘இ’யை வெல்வார் என்ற கணக்கு குத்துச்சண்டையில் தொடர்ந்து பொய்த்திருக்கிறது. 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அந்த நார்ட்டனையும் 1974இல் ஃபோர்மன் இரண்டு சுற்றில் முடித்தார். சங்கிலிக் கணக்கின்படி கின்ஷாசாவில் அலிக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் எட்டாம் சுற்றில் விழுந்தவர் ஃபோர்மன். எடை குறைந்த பிரிவுகளிலும் இதே கதைதான்: 1980 ஜூனில் ராபர்ட்டோ டுரான் லெனார்டை வென்றார், 1981இல் லெனார்ட் ஹேர்ன்ஸை வென்றார், 1984இல் ஹேர்ன்ஸ் டுரானை இரண்டாம் சுற்றிலேயே தரையில் கிடத்தினார்.

காரணம் மர்மமானதல்ல. ஃபிரேசியரும் நார்ட்டனும் முன்னேறி வந்து தாக்குபவர்கள். ஃபோர்மனோ முன்னேறி வருபவரை நீண்ட கைகளால் தள்ளி நிறுத்தி, கீழிருந்து அப்பர்கட்டால் தூக்கி அடிப்பவர். அவர்கள் தாங்களாகவே அவருடைய கைக்குள் வந்து சேர்ந்தார்கள். அலி அப்படி வரவில்லை. ஆகவே ஒரு கற்பனைப் போட்டியை ஆராயும்போது, ‘யார் யாரை வென்றார்’ என்ற பட்டியலை மூடிவைத்துவிட்டு, இப்படிக் கேளுங்கள்: இந்த வீரர் தம் வாழ்நாளில் சந்தித்தவர்களில், எதிரே நிற்கும் கற்பனை எதிராளியைப் போல ஆடியவர் யார்? அவரிடம் இவர் எப்படி ஆடினார்? வென்றாரா என்பதைவிட, எந்தச் சுற்றுகளில் திணறினார், எந்த அடி அடிக்கடி பட்டது, அதை எப்போது சரிசெய்துகொண்டார் என்பவையே பயன் தரும் விவரங்கள். இப்படிப்பட்ட மாற்று எதிராளிகள் இரண்டு மூன்று பேர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உடல் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அதைப் பற்றித்தான் எல்லோரும் ஏற்கெனவே அதிகம் பேசுகிறார்கள். மார்சியானோ வால்காட்டை வென்ற அன்று 184 பவுண்ட். இன்று அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழான க்ரூஸர்வெயிட் பிரிவில் சேர்ந்துவிடுவார். அவரை ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃபியூரியின் முன் நிறுத்தும்போது எடை வேறுபாடு பொருட்டல்ல என்று சொல்பவர் மிகைப்படுத்துகிறார். ஆனால் அளவே எல்லாம் என்பவர்களும் இரண்டு உண்மைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: டெம்ப்சி 187 பவுண்ட் எடையில் 245 பவுண்ட் வில்லார்டை நொறுக்கினார், க்ரூஸர்வெயிட்டிலிருந்து மேலேறிய ஒலெக்சாண்டர் உசிக் 2024இல் ஃபியூரியை இரண்டு முறை வென்றார். பெரிய உடலோடு திறமையும் சேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. வில்லார்டிடம் இருந்தது உயரம். ஃபியூரியிடம் உயரத்தோடு ஜாபும் (முன்னால் உள்ள கையால் நேராக நீட்டி அடிக்கும் குத்து) கால் நகர்வும் இருக்கின்றன, அப்படியிருந்தும் அவரைத் திறமையால் மிஞ்ச முடிந்தது.

பழைய படங்களைப் பார்க்கும்போது

நூறாண்டுக்கு முந்தைய போட்டிப் படங்களில் வீரர்கள் பொம்மைகள்போல வெட்டி வெட்டி நகர்வதைப் பார்த்து, அவர்களுக்குச் சண்டை போடவே தெரியாது என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்குக் குறைந்த எண்ணிக்கையில் பதிவான படச்சட்டங்களைப் பிற்கால வேகத்தில் ஓட்டும்போது அசைவுகள் விரைந்தும் துண்டுதுண்டாகவும் தெரியும். வேகம் திருத்தப்பட்ட பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். கிடைக்காவிட்டால் இயக்கும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். கை வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், கால் வைக்கும் இடம், தாடை மறைந்திருக்கிறதா, அடித்த கை எங்கே திரும்புகிறது என்பவற்றைக் கவனியுங்கள். கேமரா வேகம் இவற்றைப் பொய்யாக்காது. சிறந்த அடிகளை மட்டும் தொகுத்த துணுக்குகளைத் தவிர்த்து, ஒரே போட்டியை முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை பாருங்கள். ஒரு வீரர் ஒன்பதாம் சுற்றில் களைத்துப்போய் எப்படி நிற்கிறார் என்பதைத் துணுக்குகள் காட்டுவதில்லை.

சிலருக்குப் படமே இல்லை. டன்னிக்கு வாழ்நாளின் ஒரே தோல்வியை 1922இல் தந்த ஹாரி கிரெப், ஏறக்குறைய முந்நூறு போட்டிகள் ஆடியவர். அவர் மேடையில் மோதும் காட்சி எதுவும் இன்று கிடைக்கவில்லை, பயிற்சிக் காட்சிகளே எஞ்சியுள்ளன. அத்தகைய வீரரைப் பற்றிய தீர்ப்பைச் செய்தித்தாள் வர்ணனைகளையும் எதிராளிகளின் தரத்தையும் வைத்துத்தான் எழுத முடியும். அதில் உறுதி குறைவாகவே இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

கணினியிடம் விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய நிகழ்வு. 1967இல் முர்ரே வோரோனர் என்ற தயாரிப்பாளர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களின் விவரங்களையும் கணினிக்குக் கொடுத்து வானொலியில் ஒரு கற்பனைத் தொடர் நடத்தினார். அதில் மார்சியானோ வாகை சூடினார். அலி, ஜேம்ஸ் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. கோபமுற்ற அலி வழக்குத் தொடுத்தார். சமரசத்தின் பகுதியாக 1969இல் அலியும், ஓய்வு பெற்று நெடுநாளாகியிருந்த மார்சியானோவும் கேமராவுக்கு முன் மோதினார்கள். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரியில் திரையிடப்பட்டபோது மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் வெல்வதாகக் காட்டப்பட்டது. ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியில் அலி வென்றார். மார்சியானோ எந்த முடிவையும் பார்க்கவில்லை; 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார். கணினி நாம் கொடுத்த மதிப்பெண்களையே திருப்பிக் கூட்டித் தருகிறது. ‘தாங்குதிறன் பத்துக்கு ஒன்பது’ என்று எழுதியவர் மனிதர்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: 1938 லூயிஸும் 1966 அலியும்

முறையை ஒரு ஜோடியில் பொருத்திப் பார்ப்போம். 1938 ஜூன் லூயிஸ், 24 வயது, 199 பவுண்டுக்குச் சற்றுக் கீழே. 1966 நவம்பர் அலி, அவருக்கும் 24 வயது, 213 பவுண்டுக்குச் சற்றுக் கீழே, கை வீச்சு லூயிஸைவிட இரண்டு அங்குலம் கூடுதல். இருவர் காலத்திலும் பட்டப் போட்டி 15 சுற்று என்பதால் அந்தத் தகராறு இல்லை. கையுறை எட்டு அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இது அலிக்குச் சிறிது சாதகம்.

அலியைப் போன்று ஆடிய யாரை லூயிஸ் சந்தித்தார்? அலிக்கு நிகராக யாரும் இல்லை. ஆனால் கால் நகர்வில் கானும், ஏமாற்று அசைவுகளில் வால்காட்டும் ஓரளவு பொருந்துவார்கள். இருவருமே லூயிஸை நெடுநேரம் திணறடித்தார்கள். லூயிஸ் கால்களைத் தரையில் உரசி மெதுவாக நெருங்குபவர். எதிராளி நின்றால் அழிவு, நகர்ந்தால் காத்திருப்பு. கான் பதின்மூன்றாம் சுற்றில் நின்று அடிக்க முனைந்ததால்தான் வீழ்ந்தார். அலி, கானைவிடப் பல பவுண்டுகள் கனமானவர், உயரமானவர், அந்த வயதில் நின்று அடிக்க விரும்பாதவர். மேலும் ஜாப் அடித்தபின் இடது கையைத் தாழ்த்தும் லூயிஸின் பழக்கத்தைக் கண்டுபிடித்துத்தான் 1936இல் ஷ்மெலிங் வலது கையால் மீண்டும் மீண்டும் தாக்கினார். 1938க்குள் அது பெருமளவு திருத்தப்பட்டிருந்தாலும், அலியின் நேரான வலதுகை அந்த இடைவெளியை ஒரு முறையாவது தேடிப் பார்க்கும்.

இனி மறுபக்கம். லூயிஸைப் போல ஒருவரை அலி அதுவரை சந்தித்ததில்லை. சோனி லிஸ்டனின் ஜாப் கனமானது, ஆனால் லூயிஸின் அடித்தொடர் போலக் குறுகிய தூரத்தில் மூன்று நான்கு குத்துகளாகக் கோர்த்து வராது. அலிக்கு இரண்டு தீய பழக்கங்கள்: கைகளைத் தாழ்த்தி வைப்பது, அடி வரும்போது தலையை நேர்ப்பின்னால் இழுப்பது. 1963இல் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் அவரை நான்காம் சுற்றின் முடிவில் தரையில் உட்காரவைத்தது. 1971இல் ஃபிரேசியரின் இடது ஹூக் பதினைந்தாம் சுற்றில் அதையே செய்தது. லூயிஸின் இடது ஹூக் இவ்விருவருடையதைவிடக் குறுகியது, முன்னறிவிப்பு இல்லாதது. ஒருமுறை அசைத்துவிட்ட எதிராளியை முடிப்பதில் அவருக்கு நிகராக வைக்கக்கூடியவர்கள் சிலரே. கூப்பருக்கு மணி அடித்துவிட்டது, லூயிஸுக்கு ஒரு சுற்றின் நடுவில் அந்த வாய்ப்புக் கிடைத்தால் மணி அலியைக் காப்பாற்றப்போவதில்லை.

இவற்றை எடைபோட்டால், பத்து முறை மோதினால் ஆறு முறை அலி புள்ளிகளில் வெல்வார், நான்கு முறை லூயிஸ் நாக் அவுட்டில் வெல்வார் என்பது என் தீர்ப்பு; லூயிஸ் புள்ளிகளில் வெல்வது அரிது. விடையை இப்படி விகிதமாகவும், வெற்றி எந்த வழியில் வரும் என்பதைச் சேர்த்தும் சொல்வது நல்லது. அப்போதுதான் மறுப்பவர் எந்த இடத்தில் மறுக்கிறார் என்று தெரியும். லூயிஸால் அலியை மூலையில் அடைக்க முடியும் என்று ஒருவர் கருதினால், விவாதம் லூயிஸின் கால்களைப் பற்றியதாகச் சுருங்கும், அதற்குப் படங்களில் ஆதாரம் தேடலாம்.

பின்னர் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆறு அவுன்ஸ் கையுறை போட்டால் நான் ஐந்துக்கு ஐந்து என்பேன். சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தால் அலியின் பங்கு ஏழாகும், ஏனென்றால் லூயிஸ் கானைப் பிடித்த அந்தச் சுற்று பட்டியலிலேயே இருக்காது. 1966ஆம் ஆண்டின் அலிக்குப் பதிலாக, மூன்றரை ஆண்டு மேடையிலிருந்து விலக்கப்பட்டுத் திரும்பிவந்து, 1971 மார்ச்சில் அவ்வப்போது கயிற்றில் சாய்ந்து ஓய்வெடுத்த அலியை அனுப்பினால், அதே விதிகள், அதே கையுறைகள், அதே 1938 லூயிஸ் என்றாலும், நான் லூயிஸின் பக்கம் போய்விடுவேன், பத்தில் ஆறு.